அட்டையும் மாத்திரையும்

நகையை அடகு வைத்து இதய அறுவை சிகிச்சைக்குப் பணம் புரட்டிய குடும்பங்களுக்கு, 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பெரிய ஆறுதல். 2012இல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். ஏழைக்கும் அந்தத் தேர்வுரிமை உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது நியாயமான காரியம்.

ஆனால் அந்தக் காப்பீட்டு அட்டை எப்போது கைகொடுக்கிறது? சர்க்கரை நோயாளியை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸுக்குக் காப்பீடு உண்டு. அந்த நிலைக்குப் போகாமல் தடுக்க உதவும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கு அட்டை உதவாது. அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவமனைகளே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்த மாத்திரைகளால் நோய் முற்றாமல் தப்பித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பெயர் சொல்ல ஆள் இல்லாததாலேயே இந்த வேலைக்கு மேடையில் கைதட்டல் குறைவு.

இந்தப் பொதுமருத்துவ முறையிலும் குறை இருக்கிறது. ஓ.பி. சீட்டோடு காலையிலிருந்து காத்திருந்தவரின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மருந்து எழுதும் நிலையைக் கூட்டம் என்று மட்டும் சொல்லி மன்னிக்க முடியாது. அதைவிடக் கொடியது, பொதுநலத்தின் பெயரால் உடலின் மீது கைவைப்பது. நெருக்கடி நிலைக் காலத்தில் இலக்கு வைத்து நடந்த கட்டாயக் கருத்தடை அப்படிப்பட்டது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத பொதுமருத்துவத்தை என்னால் ஏற்க முடியாது.

அதற்காகப் பொதுப்பணத்தை அட்டையின் பக்கமே திருப்புவதும் சரியல்ல. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை பெறுகின்றன. வரவு அறுவை சிகிச்சையோடு வரும்போது, ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியரின் வேலை கணக்கில் ஏறுவதில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த வேலையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நிதி ஒதுக்கும்போது அதற்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முதலில் எடுத்து வைக்க வேண்டும். காப்பீட்டு பிரீமியம் அடுத்துதான்.