வேலிக்கு வெளியே யார்?

ஒரு நாவலைப் படித்து முடித்ததும், அதில் இருக்க வேண்டியவர்களில் யார் இல்லை என்று பார்ப்பது என் வழக்கம். வீடியோ விளையாட்டுக்கும் இந்தப் பரீட்சை பொருந்தும் என்றே நினைக்கிறேன். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பாட்டி கதை சொன்ன திண்ணை அதுதான்.

'ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன்' என்ற விளையாட்டை, கேம்பிரிட்ஜிலுள்ள ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2018-இல் வெளியிட்டது. ஆடுகிறவர் ஒரு தீவுப் பூங்காவின் நிர்வாகி. புதைபடிவங்களைத் தேடியெடுத்து, டைனோசர்களை உயிர்ப்பித்து, வேலி போட்டு அடைத்து, வருகிறவர்களுக்குக் காட்டிப் பணம் சேர்க்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் என் மனசுக்குப் பிடித்தது பாரசாரோலோபஸ் என்ற சாதுப் பிராணி. தழை தின்பது. தலையிலிருந்து பின்னால் நீண்டு வளைந்த கொண்டை உடையது. சுமார் ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்த இதற்கு, 1922-இல் கனடாவில் வில்லியம் பார்க்ஸ் பெயர் வைத்தார். கொண்டை வெறும் அலங்காரம் அல்ல. மூக்கிலிருந்து புறப்படும் குழாய்கள் அதற்குள் ஓடி, வளைந்து திரும்பி வருகின்றன. இது ஒலியெழுப்பும் சாதனமாக இருந்திருக்கலாம் என்று டேவிட் வைஷாம்பல் 1981-இல் விளக்கினார். கூட்டத்தைக் கூப்பிட, பிறவியிலேயே கிடைத்த நாகஸ்வரம்!

விளையாட்டைச் செய்தவர்கள் இந்தக் கூட்ட சுபாவத்தை மதித்திருக்கிறார்கள். புல் எவ்வளவு, மரம் எவ்வளவு, தன் இனத்தில் எத்தனை துணை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. குறைந்தால் பிராணியின் சௌகரியம் இறங்குகிறது. ஒரு கட்டத்தில் வேலியை முட்டி உடைக்கிறது. மிருகத்துக்கும் தனிமை உறுத்தும் என்று பத்து வயதுப் பையனுக்கு இத்தனை சுலபமாகச் சொன்ன கதைகள் குறைவு.

ஆனால் அந்தத் தீவில் குடிகள் இல்லை. சிப்பந்திகள் உண்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உண்டு. 'இது எங்கள் பாட்டன் காலத்து இடம்' என்று சொல்ல ஒருவரும் கிடையாது. நிர்வாகி கை வைத்த இடமெல்லாம் நிர்வாகிக்கே சொந்தம்.

இதைப் பழவேற்காட்டுக் குப்பத்துப் பையன் ஒருவன் ஆடினால் என்ன நினைப்பான்? அவனுடைய ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. அவற்றின் சௌகரியத்தைப் பார்க்க வேண்டியதுதான். அதே தண்ணீரில்தான் அவன் அப்பா வலை கட்டுகிறார். அவருடைய சௌகரியத்தைக் காட்டும் அளவுகோல் இந்த விளையாட்டில் இல்லை.

நிர்வாகம் என்பதற்கு அங்கே வேறு அர்த்தமும் உண்டு. பாடு என்று பெயர். இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். ஆகவே கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. வேலியும் இல்லை, முதலாளியும் இல்லை. இது அப்பழுக்கற்ற ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுரிமை சாதியோடும் ஊரோடும் கட்டுண்டது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை; உரிமை இல்லாதவர்களோடு தகராறுகளும் வந்ததுண்டு. அந்தத் தகராறில்தான் கதை இருக்கிறது. நிர்வாகம் கற்றுக்கொடுக்கப் புறப்பட்ட விளையாட்டுக்கும் அதுவே சரக்கு.

விளையாட்டுதானே, இத்தனை எதிர்பார்க்கலாமா என்று வாசகர் கேட்கலாம். புயல், நோய், வேலி உடைவது என்று அத்தனை தொல்லைகளையும் யோசித்துச் சேர்த்தவர்கள்தாம் இவர்கள். இன்னொரு தொல்லையாக, பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தையும் சேர்த்திருக்கலாம்.

பிள்ளைகள் ஆடட்டும்; அந்தக் கொண்டைப் பிராணிக்காகவே ஆடலாம். ஆனால் ஆடி முடித்ததும், பூங்கா வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள் என்று பெரியவர்கள் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.