ஒரே இதயம், இரண்டு பெயர்கள்

1914-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த 'சிறைகளும் சிறைப்பட்டோரும்' என்னும் நூலின் முகப்பிலே ஆசிரியர் பெயர்கள் இரண்டு காணப்படுகின்றன. ஒன்று, கான்ஸ்டன்ஸ் லிட்டன். மற்றொன்று, ஜேன் வார்ட்டன், மணமாகாதவர். இருவர் கூடி எழுதிய ஏடு போலும் என்று எண்ணத் தோன்றும். அல்ல, இருவரும் ஒருவரே! ஒரு பெண்ணுக்கு இரண்டு பெயர் ஏன் வேண்டியிருந்தது? நூல் முழுதும் அதற்கான விடைதான்.

பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றைப் பேசுவோர், 1903-இல் மான்செஸ்டரில் சங்கம் கண்ட எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரைப் பேசுவர்; உடைபட்ட சன்னல்களைப் பேசுவர். இந்த ஏட்டை எடுத்துப் பேசுவோர் சிலரே. நாம் பேச விரும்புகிறோம்.

கான்ஸ்டன்ஸ் பிரபு குலத்துச் சீமாட்டி. தந்தையார் லிட்டன் பிரபு, 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைசிராய். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்னார்களே, அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிக்கொண்டிருக்கையில், 1877 புத்தாண்டு நாளன்று டில்லியில் தர்பார் நடத்திய பெருமகன் அவர்தாம். பட்டினிக்கிடையே பவனி கண்ட தந்தைக்கு, பட்டினியையே படைக்கலமாக ஏந்திய மகள்!

1909 பிப்ரவரியில், நாடாளுமன்றத்துக்குத் தூது சென்ற பெண்களோடு சென்று கைதானார். ஹாலோவே சிறையில் அவருக்குக் கிடைத்தது மருத்துவமனைப் படுக்கை. தோழியருக்கோ சாதாரண அறை. தம்மையும் அங்கே அனுப்புமாறு மன்றாடினார், மறுத்தனர். 'பெண்களுக்கு வாக்குரிமை' என்னும் முழக்கத்தைத் தம் உடலிலேயே கீறிக்கொள்ளத் துணிந்து, முதல் எழுத்தை மார்பிலே பொறித்தார். அதன் பின்னரே கதவு திறந்தது!

அரசியல் கைதிகளாக நடத்துக என்று கேட்டுச் சிறைப்பட்ட பெண்கள் உண்ணாநோன்பைத் தொடங்கியதும் அந்த ஆண்டிலேதான். அரசாங்கம் அதற்குத் தந்த மறுமொழி, தொண்டைக்குள் குழாய் செருகி உணவைக் கொட்டுவது. அக்டோபரில் நியூகாசில் நகரில் கார் ஒன்றின்மீது கல்லெறிந்து கைதான கான்ஸ்டன்சும் உண்ண மறுத்தார். மருத்துவர்கள் அவருடைய இதயத்தைக் கவனமாகச் சோதித்தனர். பலவீனமான இதயம் என்றனர், விடுதலை செய்தனர். அதே சிறையில் வேறு பெண்களுக்குக் குழாய் செருகப்பட்டது.

என் இதயத்துக்காகவா, என் குலத்துக்காகவா? இப்படி ஐயுற்றவர் பலர் இருக்கக்கூடும். சோதித்துப் பார்த்தவர் இவர்.

தலைமுடியைக் கத்தரித்தார். மலிவான உடையும் மூக்குக் கண்ணாடியும் வாங்கி அணிந்தார். தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்ணாக, ஜேன் வார்ட்டனாக, 1910 சனவரியில் லிவர்பூலில் கைதானார். பதினான்கு நாள் தண்டனை. மீண்டும் உண்ணாநோன்பு. இம்முறை முன்கூட்டி இதயத்தை எவரும் சோதிக்கவில்லை. எஃகுக் கருவியால் வாயைப் பிளந்தனர், குழாயைச் செருகினர். முதல் முறை முடிந்ததும் மருத்துவர் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டுச் சென்றார். எட்டு முறை இது நடந்தது. இடையிலே ஒரு நாள் பெயருக்குக் காது வைத்துக் கேட்ட இளநிலை மருத்துவர் ஒருவர், அருமையான இதயம் என்று சான்றும் வழங்கினார்.

பகுத்தறிவாளர் இதன் அருமையை உணர்வர். உடல் அதே உடல். இதயம் அதே இதயம். மாறியது பெயரும் உடையும் மட்டுமே, மருத்துவமே மாறிவிட்டது! விடுதலைக்குப் பின் உடன்பிறந்தாராகிய லிட்டன் பிரபு விசாரணை கோரினார். உள்துறையினர் தவறேதும் நடக்கவில்லை என்று சாதித்தனர். குலம் பார்த்து நடத்துவோர் குலம் பார்த்ததாக எந்நாட்டில் ஒப்புக்கொண்டனர்?

நூலில் குறையே இல்லையா? உண்டு. தலைவியரைப் பற்றி எழுதும்போது பேனா வழிபாட்டில் இறங்கிவிடுகிறது. கேள்வி கேட்கும் கூர்மை அங்கே மழுங்குகிறது. ஏழைக் கைதிகள் இரக்கத்தோடு காட்டப்படுகிறார்கள், ஆனால் அவர்கள் பேசுவது குறைவு. ஜேன் வார்ட்டனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு மாளிகை இருந்தது. ஆள் யாரென்று தெரிந்ததும் கதவு திறந்தது. உண்மைத் தையற்காரிக்கு அப்படி இரண்டாம் பெயர் ஏது? ஆசிரியர் இதை அறியாதவர் அல்லர். அறிந்ததனாலேதான் புனைபெயரை முகப்பில் தம் பெயருக்குச் சமமாக நிறுத்தினார். 1912-இல் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தது. நூலை எழுதியது இடக்கை. ஆயினும் வலிந்தூட்டும் அதிகாரத்தில் நம் இரக்கத்தை இரந்து நிற்கும் வாக்கியத்தை நாம் காணவில்லை. நடந்ததை நடந்தவாறே சொல்கிறார். அதனாலேயே படிப்பவர் நெஞ்சு பதைக்கிறது.

1918 பிப்ரவரியில் சட்டம் வந்தது. யாருக்கு? முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு; அவர்களிலும் வீட்டுக்கோ நிலத்துக்கோ உரியவராக, அல்லது அத்தகையோரின் மனைவியராக இருந்தோர்க்கு. ஏறத்தாழ 84 இலட்சம் பேர் வாக்குரிமை பெற்றனர். தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகைக்கு விட்ட அறையில் குடியிருந்த தையற்காரிக்கும், எசமானர் வீட்டிலேயே தங்கி உழைத்த பணிப்பெண்ணுக்கும் இல்லை. ஜேன் வார்ட்டன் மறுபடியும் வாசலுக்கு வெளியே! ஆணுக்கு நிகராக இருபத்தோரு வயதில் வாக்கு என்ற சட்டம் 1928-இல்தான் நிறைவேறியது. 1923-இலேயே மறைந்துவிட்ட கான்ஸ்டன்ஸ் அதைக் காணவில்லை.

போரிலே உழைத்ததற்குப் பரிசாகப் பெண்களுக்கு வாக்குத் தந்தோம் என்று பெருமை பேசுவோர் உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நின்று உழைத்த இளம்பெண்கள் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கு அந்தப் பரிசு ஏன் எட்டவில்லை என்பதையும் அவர்களே சொல்லட்டும்.