அணங்கச்சமும் இறையச்சமும்: ‘தி ஹான்டிங்’ திரைப்படத்தின் சிறார் தகுதி குறித்து

ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஹான்டிங்’, பேய்வீட்டுத் திரைப்படங்களுள் செவ்வியல் தகுதி பெற்ற ஒன்றாகும். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்னும் புதினத்தை அடியொற்றியது அது. இப்படத்தைச் சிறார் காணலாமா என்னும் வினாவிற்கு இரு நாடுகள் இருவேறு விடைகளை அளித்துள்ளன. பிரிட்டனில் வெளியானபோது அது ‘எக்ஸ்’ சான்றிதழ் பெற்றது; அன்றைய விதிப்படி பதினாறு வயது நிரம்பாதோர் அதனைத் திரையரங்கில் காண இயலாது. அமெரிக்காவில் வயதை அளவாகக் கொண்ட தரப்பாகுபாடு 1968 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்பாகுபாட்டின்கீழ் இப்படம் பெற்ற தரம் ‘ஜி’. அதாவது எல்லா வயதினரும் காணத்தக்கது. கடலின் ஒரு கரையில் சிறுவர்க்கு விலக்கப்பட்டது மறுகரையில் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று.

இம்முரணைக் கால மாற்றம் என்று கூறி அமைந்துவிடலாம். எனினும், தணிக்கை முறைகள் எதனை எண்ணுகின்றன, எதனை எண்ணாது விடுகின்றன என்னும் அடிப்படைச் சிக்கல் இதனுள் அடங்கியுள்ளது. குருதி, வன்முறை, ஆடையின்மை, வசைச்சொல் ஆகியவற்றைக் கணக்கிடும் அளவுகோலுக்கு இப்படத்தில் பிடிபடுவது மிகச் சிறிதே. தூக்கிட்டுக் கொண்ட ஒருத்தியின் கால்கள் தொடக்கத்தில் ஒரு கணம் தோன்றுகின்றன. ஒரு வண்டி மரத்தில் மோதுகிறது. இறுதியில் ஒரு கார் மோதுகிறது. பேய் என்று சுட்டத்தக்க உருவம் நூற்றுப்பன்னிரண்டு நிமிடங்களிலும் ஓரிடத்திலும் திரையில் வருவதில்லை.

வைஸ் இந்த உத்தியை வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் பயின்றவர். 1940களில் லூட்டன் குறைந்த செலவில் உருவாக்கிய படங்களில் அஞ்சத்தக்க பொருள் நிழலாகவும் ஓசையாகவுமே நிற்கும். ‘தி ஹான்டிங்’ அம்மரபின் முதிர்ந்த வடிவம். கறுப்பு வெள்ளையில், அகன்ற திரைக்கு எடுக்கப்பட்டது. வீட்டின் வெளித்தோற்றமாக இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரிலுள்ள எட்டிங்டன் பார்க் மாளிகை அமைந்தது. அதன் கற்சுவர்கள் இயல்புக்கு மாறான ஒளியில் தோன்றுமாறு அகச்சிவப்புப் படச்சுருள் பயன்படுத்தப்பட்டது. முழுமை பெறாத, காட்சியின் ஓரங்களை வளைத்துக் காட்டும் அகன்ற கோண வில்லை ஒன்றை வைஸ் பானாவிஷன் நிறுவனத்திடம் வற்புறுத்திப் பெற்றார்; அதன் குறையை அறிந்தே ஏற்பதாக எழுத்தில் உறுதியும் அளித்தார். கதவு உள்நோக்கிப் புடைக்கும் புகழ்பெற்ற காட்சி, ஒட்டுப்பலகைக் கதவைப் பின்னிருந்து ஒருவர் தள்ளியதால் உருவானதே. இத்தனை எளிய வழிகள்தாம். (இதே இயக்குநர் இரண்டே ஆண்டுகளில், குடும்பங்கள் குழந்தைகளுடன் கண்டு மகிழ்ந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தை அளித்தார் என்பதும் நினைக்கத்தக்கது. இயக்குநரின் பெயரை நம்பிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் ஏமாறுவர்.)

காட்சியில் ஒன்றும் இல்லை என்பதால் தீங்கும் இல்லை என்று கொள்ளலாமா? இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு தெளிந்த கருவியை வழங்குகிறது. அச்சம் பிறக்கும் களங்களாக அது அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. அணங்கு என்பதனுள் பேய், பூதம் முதலியன அடங்கும். இறை என்பதற்கு அரசன் என்று மட்டும் பொருள் கொள்ளாது, தந்தை, ஆசிரியர் முதலியோரையும் சேர்த்துரைக்கிறார் பேராசிரியர். அன்புக்குரியவரே அச்சத்திற்கும் களமாகின்றனர் என்னும் இந்நுட்பம், குழந்தைகளைப் பற்றிச் சிந்திப்போர்க்கு மிகவும் பயன்படுவது. குழந்தை பேயை எப்போதோ ஒருமுறை அஞ்சுகிறது. தந்தையின் முகம் மாறுவதையும் தாயின் குரல் மாறுவதையும் நாள்தோறும் அஞ்சுகிறது.

‘தி ஹான்டிங்’ அணங்கச்சப் படமாகவே விளம்பரம் பெற்றது. அவ்வாறே இன்றும் பட்டியலிடப்படுகிறது. அதன் உள்ளீடு இறையச்சமே என்பதற்குக் கதையமைப்பு சான்றாகிறது.

ஹில் ஹவுஸ் மாளிகையைக் கட்டியவர் ஹியூ கிரெய்ன். அவருடைய முதல் மனைவி வீட்டைக் காணுமுன்பே வண்டி மரத்தில் மோதி இறக்கிறாள். இரண்டாம் மனைவி மாடிப்படியில் வீழ்ந்து மடிகிறாள். மகள் அபிகெயில் அவ்வீட்டின் குழந்தைகள் அறையிலேயே வளர்ந்து, அங்கேயே முதுமையடைகிறாள். குழந்தையின் முகம் படிப்படியாகக் கிழவியின் முகமாக மாறுவதைப் படம் ஒரே படுக்கையில் காட்டுகிறது. கிழவி துணை வேண்டிக் கைத்தடியால் சுவரைத் தட்டுகிறாள்; பணிப்பெண் ஓர் ஆடவனுடன் வெளியே இருந்தமையால் வரவில்லை; கிழவி இறக்கிறாள். பின்னர் அப்பணிப்பெண் நூலக அறையின் சுழற்படியில் தூக்கிட்டுக் கொள்கிறாள்.

இவ்வீட்டை ஆராய வரும் மார்க்வே என்பவரின் அழைப்பை ஏற்று வருபவள் எலினோர். பதினோராண்டுகள் நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்தவள். தாய் இறந்த இரவில் சுவரைத் தட்டும் ஓசை கேட்டது. அவள் எழுந்து செல்லவில்லை. இப்போது தமக்கையின் வீட்டு வரவேற்பறைச் சாய்விருக்கையில் உறங்குகிறாள். தனக்கென ஓர் இடம் இல்லாதவள். ஹில் ஹவுஸின் முதல் இரவில் சுவரில் இடியென ஓசை எழும்போது, அரைத்தூக்கத்தில் அவள் தாய்க்கே மறுமொழி கூறுகிறாள். பேய் தட்டுகிறது என்று பார்வையாளர் அஞ்சும் அக்கணத்தில் எலினோர் அஞ்சுவது தாயை. ஓசை ஒன்றே, அணங்கும் இறையும் அதனுள் ஒருங்கே நிற்கின்றன.

படத்தின் ஆகச் சிறந்த காட்சியும் இதனை வலியுறுத்துகிறது. இரவில் சுவரின் மறுபுறம் ஓர் ஆணின் முணுமுணுப்பும், பின்னர் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. எலினோர் இருளில் கிடந்தவாறே தோழி தியடோராவின் கையைப் பற்றிக்கொள்கிறாள். சுவரின் சுதை வேலைப்பாடு ஒரு முகம்போலத் தோன்றத் தொடங்குகிறது. தன்னை என்ன செய்தாலும் பொறுப்பேன், ஒரு குழந்தையைத் துன்புறுத்தப் பொறுக்கமாட்டேன் என்று அவள் மனத்துள் உறுதி கொண்டு கூவுகிறாள். விளக்கு எரிகிறது. தியடோரா அறையின் மறுகோடியில் இருக்கிறாள். அப்படியாயின் இதுவரை பற்றியிருந்தது யாருடைய கை என்னும் வினா எஞ்சுகிறது.

இக்காட்சி திகிலுக்கு எடுத்துக்காட்டாக எங்கும் பேசப்படுவது. அதன் கூர்மை கையைப் பற்றிய புதிரில் மட்டும் இல்லை. துன்புறும் குழந்தைக்காகக் குரல் எழுப்புபவள் அங்கு ஒருத்தியே. அவளும் ஆறுதல் என்று எண்ணிப் பற்றியது, எது அச்சுறுத்துகிறதோ அதன் கையையே. பெரியவர் இதனைப் புதிராகச் சுவைப்பர். வீட்டில் அச்சத்தையும் ஆறுதலையும் ஒரே கையிலிருந்து பெறும் குழந்தை இதனைப் புதிராகக் கொள்ளுமா என்பது ஐயத்திற்குரியது. ஆடுவோன் உற்ற உணர்வு காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை உரையாசிரியர் எடுத்தாள்வர். சென்றடையும் இடம் எத்தகையது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும்.

வீட்டின் இதயமாக மார்க்வே காட்டுவது எந்த அறையை என்பதும் நோக்கத்தக்கது. நிலவறையோ கல்லறையோ அன்று, குழந்தைகள் அறை. அதன் வாயிலில்தான் விளக்கமுடியாக் குளிர் நிலவுகிறது. சிறுவர்க்கு மிகவும் பழகிய, பாதுகாப்பானதென்று பெற்றோர் உறுதி கூறும் அந்த ஓரிடத்தையே படம் அஞ்சத்தக்க மையமாக்கிவிடுகிறது. ‘ஜி’ என்னும் தரத்தை வழங்கியோர் இதனைக் கருதியதாகத் தெரியவில்லை. கருதியிருப்பினும் அதனைக் குறிக்க அவர்களது அளவுகோலில் இடமில்லை.

ஜாக்சனின் புதினத்தில் இப்பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. கிரெய்ன் தம் மகளின் நல்லொழுக்கத்திற்கென ஒரு நூலைத் தாமே தொகுத்திருக்கிறார். வேறு நூல்களிலிருந்து வெட்டி ஒட்டிய நரகக் காட்சிகளும் கொடுந்தண்டனைப் படங்களும் நிறைந்த அதனில், இறுதியில் தம் குருதியால் ஒப்பமிட்டிருக்கிறார். குழந்தைக்கு எது தகுந்தது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் பெற்ற ஒரு பெரியவர், அக்கறையின் பெயரால் செய்த தேர்வு அது. அவ்வீட்டில் நிகழ்ந்த கொடுமைகளுள் பேயின் பங்கு இன்றி நிகழ்ந்ததாக ஐயமறச் சொல்லத்தக்கது இந்நூலே. தகுதி பற்றிய விவாதங்களில் குழந்தை எதனைப் பார்க்கிறது என்பதே பேசப்படுகிறது. யார் காட்டுகிறார், எந்நோக்கில் காட்டுகிறார் என்பதையும் உடன் வைத்துப் பேச வேண்டியதன் தேவையை ஜாக்சன் உணர்த்துகிறார். தம் பிள்ளைகளை வளர்த்த நாட்களைப் பற்றி 1953இலும் 1957இலும் இரு நகைச்சுவை நூல்களை எழுதியவர் அவர் என்பதை அறிவோர்க்கு இதன் கசப்பு மிகுதியாகவே புலப்படும்.

திரை அச்சத்திற்குச் சிறார் ஆட்படும் முறையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜோன் கேன்ட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இளங்குழந்தைகள் முதன்மையாகத் தோற்றத்தைக் கண்டு அஞ்சுவர் என்றும், ஏழெட்டு வயதிற்குப் பின்னர்த் தமக்கும் நேரக்கூடும் என எண்ணத்தக்கவற்றை அஞ்சத் தொடங்குவர் என்றும் காட்டியுள்ளார். இம்முடிவை ‘தி ஹான்டிங்’ படத்தின்மேல் பொருத்தினால் ஓர் எதிர்பாராத நிலை உருவாகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதில் கண்டு அஞ்ச உருவம் இல்லை. பேரோசைகள் அதனை அலறச் செய்யலாம், இடைப்பட்ட நீண்ட உரையாடல்கள் சலிப்பூட்டலாம், அவ்வளவே. பத்து வயதுக் குழந்தைக்கோ தாய் நோயுறுவதும், அழைத்தபோது தான் போகாதிருப்பதும், வீட்டில் தனக்கு இடமின்றிப் போவதும் நேரக்கூடியவை. வயது ஏற ஏறப் படம் எளிதாகும் என்னும் பொதுவான எதிர்பார்ப்பு இங்குப் பொய்க்கிறது.

இக்கதையை 1999இல் ஜான் டி பாண்ட் மீண்டும் படமாக்கினார். கணினி வரைகலையால் பேய்கள் உருப்பெற்றன, சிலைகள் அசைந்தன, ஒரு தலையும் துண்டிக்கப்பட்டது. அதற்கு அமெரிக்கத் தணிக்கை அளித்தது ‘பிஜி-13’. துன்புற்ற குழந்தைகளின் ஆவிகளை நாயகி விடுவித்துக் கொடிய கிரெய்னை வெல்கிறாள். கலைத்தரத்தில் முந்தைய படத்தின் அருகில் வைக்கத்தகாதது. ஆயினும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு எது குறைந்த தீங்கினது எனக் கேட்டால், அணங்கு அணங்காகவே நின்று தோற்கும் இப்பிற்காலப் படத்தைச் சுட்ட நேரும். நல்ல படமே கூடுதல் எச்சரிக்கைக்கு உரியதாகிறது.

எச்சரிக்கைக்குரிய முதன்மைக் காரணம் படத்தின் முடிவு. சுவரில் எழுத்துத் தோன்றி, எலினோர் வீடு வந்து சேர உதவுமாறு வேண்டுகிறது. அவளை யாரும் இதுவரை வேண்டியதில்லை, இவ்வீடு வேண்டுகிறது. அவளுடைய நலம் கருதி மார்க்வே வெளியேற ஆணையிடும்போது, தனக்குப் போக்கிடம் இல்லை என்று அவள் கெஞ்சுகிறாள். கார் அவள் பிடியிலிருந்து நழுவி, முதல் மனைவி மாண்ட அதே மரத்தில் மோதுகிறது. காரை இயக்கியது வீடா, அவளே விட்டுக்கொடுத்தாளா என்பதைப் படம் முடித்துரைக்கவில்லை. கலை நோக்கில் இத்தெளிவின்மை அதன் பெருமை. இறப்பை வீடுபேறு போலவும், தன்னை ஒப்படைத்தலை ஏற்பு போலவும் அமைத்துக் காட்டும் இம்முடிவு, தனித்துவிடப்பட்டதாக உணரும் ஒரு சிறுமியின் முன் மாற்றுக்குரல் ஏதுமின்றி வைக்கப்படத்தக்கதன்று.

ஆகவே பத்து வயதிற்குட்பட்டோர்க்கு இப்படம் உரியதன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர் பெரியவர் உடனிருக்கக் காணலாம். முடிந்தபின் எலினோரைப் பற்றிப் பேசும் பொறுமை அப்பெரியவர்க்கு வேண்டும். அண்மையில் தாயையோ தந்தையையோ இழந்த, அல்லது நோயுற்ற பெற்றோரைப் பேணும் சிறாருக்கு இவ்வயது வரம்பும் பொருந்தாது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ‘யுஏ’ சான்றிதழை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்துள்ளது. முன்னைய ஒற்றைப் பிரிவினும் இது நுட்பமானது. இப்படம் இந்நாளில் மதிப்பிடப்படின் நடுப்படியில் அமைவதே முறை. ஆனால் எந்த எண்ணும் ஒரு குழந்தையின் வீட்டு நிலைமையை அறியாது.

பேய்க்கதை விழையும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு வைஸின் வேறொரு படம் உண்டு. லூட்டனுக்காக 1944இல், குந்தர் வான் ஃபிரிட்ஷ் தொடங்கியதை இடையில் ஏற்று அவர் முடித்தளித்த ‘தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்’ என்பது அது. தலைப்பு அச்சுறுத்தினும், கதை ஏமி என்னும் ஆறு வயதுச் சிறுமியின் தனிமையைப் பற்றியது. அவளுக்குத் துணையாக வருவது தந்தையின் இறந்துபோன முதல் மனைவியின் உரு. அங்கும் பழைய மாளிகை உண்டு. பெற்ற மகளையே மகளென ஏற்காத ஒரு கிழவியும் உண்டு. தோழியைக் கண்டதாகச் சொன்னதற்குத் தண்டிக்கும் தந்தையும் உண்டு. இறுதியில் அத்தந்தை, தோழி தோட்டத்தில் நிற்கிறாளா என மகளிடம் கேட்கிறார். நிற்கிறாள் என்கிறாள் ஏமி. அத்திசையைத் திரும்பியும் பாராமல், தமக்கும் தெரிகிறாள் என்று கூறி அவளை வீட்டினுள் அழைத்துச் செல்கிறார்.