தலைமாட்டை ஏற்றாத ஆய்வேடுகள்

போன மாதம் பத்து நாள் லீவு கிடைத்தது. ஊருக்குப் போகாமல் உட்கார்ந்து எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளாகப் படித்துத் தள்ளினேன். எல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவு சம்பந்தப்பட்டவை. பல்கலைக்கழகங்கள் இப்போது இவற்றை இணையத்தில் போட்டுவிடுகின்றன, யாரும் இறக்கிப் படிக்கலாம். முப்பது நாற்பது முடித்தபோது, தலைப்பைப் பார்த்ததுமே முடிவுரை வரைக்கும் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஆய்வேடும் அதே ரகம்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நம் நாட்டில் பி.எஸ்சி. முடித்த நர்ஸ் ஐ.சி.யூ. பணியில் மேற்கொண்டு படிக்க மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ. இரண்டு, எம்.எஸ்சி.யில் மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் எடுத்து, அதற்குள் கிரிட்டிகல் கேரை உட்பிரிவாகத் தேர்ந்தெடுப்பது. மூன்று, இந்திய நர்சிங் கவுன்சில் பின்னால் கொண்டுவந்த நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் என்ற இரண்டு வருட ரெசிடென்சி படிப்பு. நான் இரண்டாவது வழியில் வந்தவள். அதில் ஆய்வேடு இல்லாமல் பட்டம் கிடையாது.

அந்த ஆய்வேட்டுக்கு எழுதப்படாத ஒரு அச்சு உண்டு. 'தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில் பணிபுரியும் ஸ்டாஃப் நர்சுகளிடையே இன்னது குறித்த அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன்திறனை மதிப்பிடும் ஓர் ஆய்வு.' 'இன்னது' என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். முப்பது கேள்விகளோடு ஒரு முன்தேர்வு, முக்கால் மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே முப்பது கேள்வியோடு பின்தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும். பெயர்டு டி டெஸ்ட் போட்டால் பி மதிப்பு 0.001க்குக் கீழே வந்துவிடும். வயது, மதம், திருமண நிலை எல்லாவற்றோடும் கை ஸ்கொயர் போட்டு 'தொடர்பு இல்லை' என்று எழுத வேண்டும். முன்பக்கத்தில் பெர்டாலன்ஃபியின் பொது அமைப்புக் கோட்பாட்டைப் பெட்டி, அம்புக்குறியாக வரைந்தால் வேலை முடிந்தது.

இதில் என்ன தப்பு? சொல்லிக்கொடுத்ததையே, சொல்லிக்கொடுத்த அதே ஆளிடம், ஒரே வாரத்தில் திரும்பக் கேட்டால் மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? கூடாமல் போனால்தான் அது கண்டுபிடிப்பு. பல ஏடுகளில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. ஆனால் என் முக்கியமான புகார் புள்ளியியல் பற்றியது அல்ல. இந்த ஆய்வுகளில் நோயாளி வருவதே இல்லை என்பதுதான் என் புகார்.

என் தலைப்பு வென்டிலேட்டர் நிமோனியா தடுப்பு. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை ஏற்றி வைப்பது, வாய்ச் சுத்தம், டியூபின் கஃப் பிரஷரை 20 முதல் 30க்குள் வைப்பது, மயக்க மருந்தைத் தினமும் குறைத்துப் பார்ப்பது, இதெல்லாம் அதில் அடங்கும். பின்தேர்வு அன்று இரவு டியூட்டியில் இருந்த ஒரு சிஸ்டர், இருபது வருடச் சர்வீஸ்காரர், தலைமாட்டுக் கேள்விகள் அத்தனைக்கும் சரியாக டிக் போட்டுக் கொடுத்தார். தாளை வாங்கிக்கொண்டு திரும்பினால், அவருடைய மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளில் இரண்டு பேர் மட்டமாகப் படுத்திருக்கிறார்கள்.

"என்ன சிஸ்டர், தலைமாடு ஏத்தலையா?"

"அந்த பெட்ல கிராங்க் சுத்தலம்மா. எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. இந்தப் பெட்ல ஏத்தினா ஆள் கீழ வழுக்கிட்டு வந்துடறார். தூக்கி மேல போட இன்னொரு ஆள் வேணும். நைட்ல யாரம்மா இருக்கா?"

என் ஆய்வின் ஒரே உண்மையான தரவு அந்தப் பதில்தான். அதை நான் எழுதவில்லை. எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ், மாதிரி அளவு சிறியது என்று ஒரு வரி போட்டுவிட்டு பைண்டிங் கொடுத்துவிட்டேன்.

உலகத்தில் இதே கேள்வியை எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று பின்னால்தான் படித்தேன். பார்சிலோனாவில் டிராகுலோவிச்சும் குழுவினரும் 1999இல் லான்செட்டில் வெளியிட்ட சோதனையில் 86 நோயாளிகள். மட்டமாகப் படுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கு நிமோனியா சந்தேகம் வந்தது, சாய்ந்து படுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு. ஏழு வருடம் கழித்து நெதர்லாந்தில் இதை மறுபடி செய்தார்கள். அங்கே கிடைத்த முடிவு வேறு. 45 டிகிரி வைக்க வேண்டிய குழுவில் ஆய்வு நேரத்தின் 85 சதவீதம் அந்தக் கோணம் எட்டப்படவே இல்லை. முதல் நாள் சராசரியே 28 டிகிரிதான். நிமோனியாவிலும் வித்தியாசம் வரவில்லை. அங்கே நர்சுகளுக்கு 45 டிகிரி என்று தெரியாதா? ஆய்வே அதுதானே! தெரிந்தும் நடக்கவில்லை. கோணத்தை அளந்ததால் அது வெளியே வந்தது. நாங்கள் அளந்தது டிக் மார்க்கை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவலைப் பற்றி நம் ஏடுகள் ஏராளம். இரு குழுவிலும் முப்பது முப்பது பேர், ஒரு வாரம், 'மிகுந்த பயன்' என்று முடிவு. அமெரிக்கத் தொற்றுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2022இல் புதுப்பித்த பரிந்துரையோ, பல் துலக்குங்கள், குளோர்ஹெக்சிடின் பொதுவாக வேண்டாம் என்கிறது. நிமோனியாவைக் குறைக்கிறது என்பது உறுதியாகவில்லை, இறப்பு கூடுமோ என்ற சந்தேகமும் இருக்கிறது என்பது காரணம். அவ்வளவு சிறிய ஆய்வில் இந்த மாதிரி விஷயம் கண்ணில் படவே படாது. ஆனால் முடிவுரை மட்டும் எல்லா ஐ.சி.யூ.வுக்கும் சிபாரிசு செய்கிறது.

மிச்சிகனில் பிரனோவோஸ்ட் குழு செய்தது 2006இல் வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்தன. சென்ட்ரல் லைன் போடும்போது செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள். அவர்களும் வகுப்பு எடுத்தார்கள். ஆனால் வகுப்போடு நிற்கவில்லை. தேவையான சாமான் எல்லாம் ஒரே வண்டியில் இருக்கும்படி செய்தார்கள். டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். 1000 கதீட்டர் நாளுக்கு 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் சுழியத்துக்கு வந்தது. வண்டியும் அதிகாரமும் நம் ஆய்வேடுகளில் எங்கே?

மாணவிகள் மேல் பழி போட நான் வரவில்லை. தரவு சேகரிக்க நாலைந்து வாரம்தான் கிடைக்கும். எத்திக்ஸ் கமிட்டி, மருத்துவமனை அனுமதி, கைடுக்குக் கீழே இன்னும் பல மாணவிகள். என் கைடு நல்ல மனுஷி. "முடிச்சு வெளிய வாம்மா, பெருசா பண்றதை பிஎச்.டி.ல பாத்துக்கலாம்" என்றார். அவர் நிலையில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் இந்தச் சமாதானத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதே நாலு வாரத்தில், ஒரே ஐ.சி.யூ.வில், ஒரு நாளைக்கு நாலு தடவை ஒவ்வொரு பெட்டின் கோணத்தையும் அளந்து, 30க்குக் கீழே இருந்தால் ஏன் என்று பக்கத்தில் எழுதியிருக்கலாம். செலவு ஒரு கோணமானி. கிராங்க் ரிப்பேர், ஆள் பற்றாக்குறை, டாக்டர் ஆர்டர், பிபி குறைவு என்று காரணங்கள் தனித்தனியாக விழுந்திருக்கும். அந்தத் தாளைக் கொண்டுபோய் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் முன்னால் வைத்திருக்கலாம். என் பைண்டு போட்ட புத்தகத்தை அவரிடம் கொடுத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 'அறிவு போதாது' என்று ஒவ்வொரு ஏடும் முடிக்கும்போது, குற்றம் சத்தமில்லாமல் நர்சின் தலையில் விழுகிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் லிண்டா ஐகன் குழு செய்த ஆய்வு 2014இல் வந்தது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடுகிறது என்றது. பட்டம் படித்த நர்சுகள் கூடினால் இறப்பு குறைகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆக, படிப்பு முக்கியம்தான், நான் படித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நம் மேற்படிப்பு முதல் பாதியைப் பற்றிக் கேள்வி கேட்கவே கற்றுத்தரவில்லை.

ரெசிடென்சி படிப்பில் எண்பது சதவீதம் வார்டிலேயே பயிற்சி என்று திட்டம் வகுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். அங்கேயும் இந்த அச்சு நுழைந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இந்த வருஷம் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், கேள்வித்தாள் அச்சடிக்கும் முன்னால் ஒரே ஒரு இரவு ஐ.சி.யூ.வில் சும்மா நின்று பாருங்கள். எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று அங்கே இருக்கும் சீனியர் சிஸ்டரைக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுத உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் விட்டு வையுங்கள். நான் விடவில்லை.