நிவாரணம் என்னும் சொல்

காவியத்தைத் திறனாய்வு செய்வோர் உண்டு. நாடகத்தைத் திறனாய்வு செய்வோர் உண்டு. அரசாணையைத் திறனாய்வு செய்தால் என்ன? அதுவும் தமிழில்தான் வருகிறது. அதைப் படித்தும் மக்கள் கண்ணீர் வடிக்கிறார்கள்! ஆகவே, தோழர்களே, இவ்வாரம் கவிதையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: நிவாரணம்.

புயல் ஓய்ந்த மறுநாளே ஏடுகளில் ஏறிவிடும் சொல் இது. துயர் நீக்குதல் என்பது பொருள். நீக்குபவர் ஒருவர், நீங்கப் பெறுபவர் ஒருவர்; ஒரு கை மேலே, ஒரு கை கீழே. 'இழப்பீடு' என்று சொல்லிப் பாருங்கள், உடனே கேள்வி பிறக்கும்: இழந்தது எவ்வளவு, ஈடு எவ்வளவு? நிவாரணம் அந்தக் கேள்விக்கு இடந்தருவதில்லை. துணைக்கு இன்னொரு சொல்லும் வரும், 'இயற்கையின் சீற்றம்'. வருணன் சினந்தான் என்று பாட்டன் சொன்னதைச் சற்றே சலவை செய்த சொல்! சீறியவனைக் கூண்டிலேற்ற முடியாதல்லவா? கணக்குக் கேட்பார் யார்?

கணக்கையே பார்ப்போம். 2018 நவம்பர் 16, விடியுமுன் வேதாரண்யம் அருகே கரை கடந்தது கஜா புயல். பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் தென்னையால் வாழ்ந்த சீமை. ஒரே இரவில் தோப்புகள் தரையில் கிடந்தன. மாநில அரசு அறிவித்தது: மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. எக்டேருக்கு 175 மரம் என்று கொண்டு 1,92,500. நேர்மையாகச் சொல்லவேண்டும், மத்திய அரசின் அன்றைய அளவு பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய்தான். அதனோடு ஒப்பிட்டால் மாநிலம் தந்தது பன்மடங்கு.

ஆனால் மரத்தோடு ஒப்பிட்டால்? நன்கு பேணிய மரம் ஆண்டுக்கு எண்பது காய் தரும். காய் பத்து ரூபாய் என்று வைத்தாலும் எண்ணூறு. ஓராண்டு வருவாய்க்கே அறுநூறு ஈடாகவில்லை. அரை நூற்றாண்டு காய்க்கக்கூடிய மரத்துக்கு அதுதான் விலை! புதிய கன்று பலன்தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை உண்ணும்? ஆணையில் அதற்கு வரியில்லை. காய் பறித்தோர், மட்டை உரித்தோர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோருக்கு மரக்கணக்கில் இடமே இல்லை. அவர்கள் பெயரில் மரமில்லையே!

நெல்லுக்கு வருவோம். அங்கே பெயர் 'இடுபொருள் மானியம்'. சொல்லே உண்மையைக் கக்கிவிடுகிறது: இழந்த விளைச்சலின் விலையன்று, அடுத்த விதைப்புக்கு ஒரு கைச்செலவு. மூன்றிலொரு பங்காவது அழிந்திருக்க வேண்டும். இரண்டு எக்டேருக்கு மேல் கிடையாது. மத்திய அரசு 2022-இல் வகுத்த அளவு, பாசன நிலத்துக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரங்கூட இல்லை.

இந்தச் சிக்கன மனம் நேற்று முளைத்ததன்று. 1877-இல், சென்னை மாகாணம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் இருந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்றார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர்காக்காது என்று மறுத்துரைத்தார். வெள்ளையர் போய்விட்டனர். எனினும், குறைந்த அளவு எது என்று கொடுப்பவரே அளக்கும் வழக்கம் போகவில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். 2016-இல் வந்த பிரதமர் பயிர்க்காப்பீட்டில் சம்பா உழவன் கட்டுவது நூற்றுக்கு ஒன்றரைதான், நல்லதே. ஆயினும் விளைச்சல் இழப்பு அளக்கப்படுவது ஊரின் சராசரியால். ஊர் பிழைத்து அவன் வயல் மட்டும் பொய்த்தால் அந்தச் சராசரியில் அவன் கரைந்துபோகிறான்.

எல்லாவற்றிலும் எனக்கு நெஞ்சு பொறுக்காதது வேறொன்று. நான் பாடஞ்சொல்லும் ஊரில் ஒரு மாணவனின் தந்தை வாய்மொழிக் குத்தகைக்காரர். 2021 சனவரியில், அறுவடைக்கு நின்ற சம்பா பருவந்தப்பிய மழையில் படுத்தது. எக்டேருக்கு 13,500 ஆக இருந்த தொகையை மாநில அரசு 20,000 ஆக உயர்த்திற்று. பணம் வந்தது, பட்டாவில் பெயர் உள்ளவருக்கு வந்தது. அவர் நகரத்தில் இருக்கிறார். அந்த வயலில் கால் வைத்துப் பல்லாண்டு ஆயிற்றாம். குத்தகை உரிமையைப் பதிய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று, படித்த மிடுக்கில் நானும் சொல்லிப்பார்த்தேன்.

"பதியக் கேட்டா அடுத்த போகத்துக்கு நெலமே கெடைக்காதுங்க சார்" என்றார் அவர்.

பிறகு, மகனின் தேர்வுக் கட்டணத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். நாணயங்களாக இருந்தது.