அம்பலும் அலரும்: எம்.கே. தியாகராஜ பாகவதர் பற்றிய பொதுநினைவில் வதந்தியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரமாகிய எம்.கே. தியாகராஜ பாகவதரை (1910-1959) இன்றைய வாசகர் அறிவது பெரும்பாலும் இலட்சுமிகாந்தன் கொலைவழக்கின் வழியாகவே. அவ்வழக்கே அவரை வீழ்த்தியது என்னும் கூற்று நூல்களிலும் இதழ்க் கட்டுரைகளிலும் ஐயமின்றி வழங்கி வருகிறது. வதந்தியைக் குறிக்கும் அகமரபுச் சொற்களாகிய அம்பல், அலர் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை அக்கூற்றை ஆராய்கிறது. பாகவதரின் வாழ்க்கை வரலாறாக வழங்குவது அவர் நடித்த படங்களின் கதைப்போக்கைக் கடன்வாங்கியது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், வதந்தி, அலர், கர்ணபரம்பரை, திரை வரலாறு

அம்பலிலிருந்து அலருக்கு

வதந்தியைக் குறிக்கத் தமிழ் அகமரபு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. பெயர் சுட்டாமல், குறிப்பாலும் முணுமுணுப்பாலும் பரவுவது அம்பல். இன்னாரோடு இன்னார் என்று பெயர் விரியப் பலரும் அறியப் பேசுவது அலர். களவை வெளிப்படுத்துவன இவையிரண்டும் எனத் தொல்காப்பியம் கொள்கிறது. வள்ளுவரோ ஓர் அதிகாரம் முழுவதையும் அலருக்கு ஒதுக்கி, ஊரார் தூற்றலே காதலை வளர்க்கும் எருவாவதைக் காட்டுகிறார். பழியைச் சுமப்பவருக்கே பழி பயன்படக்கூடும் என்னும் இந்நுட்பம், திரை நட்சத்திரங்களைப் பற்றிய ஆய்வுகளில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் சி.என். இலட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது' அம்பலை அச்சில் ஏற்றிய இதழ். போலி ஆவணக் குற்றத்திற்காகச் சிறைசென்று மீண்டவர் அவர். நடிகர், நடிகையரின் அந்தரங்கம் என்ற பெயரில் எழுதுவதே இதழின் முதலீடாயிற்று. எழுதாமல் இருப்பதற்கும் விலை இருந்தது என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. பெயரை மறைத்துக் குறிப்பு மட்டும் தரும் செய்திக்கு ஒரு வசதி உண்டு: அது அலராக மாறுமா என்பதை எழுதியவரே முடிவு செய்யலாம். அம்பலுக்கும் அலருக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு வெளியில்தான் பணம் கைமாறும். திரையுலகினர் சிலர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டபின் 'சினிமா தூது' நின்றுபோயிற்று. முறையிட்டவர்களுள் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் முன்நின்றனர். இலட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்னும் மற்றோர் இதழைக் கைக்கொண்டு அதே தொழிலைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றபோது அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் பாகவதர், கிருஷ்ணன், இயக்குநர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். நாயுடு விடுவிக்கப்பட, மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதுதான் நீதிமன்றத்தின் முடிவு. ஆயினும் கொலை நிகழ்ந்தது. கொன்றவர் யார் என்பது நிறுவப்படவில்லை. விடையில்லாத இந்த இடத்தில்தான் அலர் குடியேறியது. வதந்தி எழுதிய ஒருவரின் மரணமே தமிழ்த் திரையுலகின் நீங்காத வதந்தியானது. எண்பது ஆண்டுகளாக இவ்வழக்கைப் பற்றி எழுதுவோரில் பலர், விடுதலைத் தீர்ப்பை ஒரு வரியில் கடந்துவிட்டு ஊகங்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றனர். ஆய்வாளர் கண்டிக்கவேண்டிய வழக்கம் இது. தீர்ப்பை ஏற்காதிருக்க எவருக்கும் உரிமை உண்டு. அதற்குச் சான்று வேண்டும். 'அன்றைக்கே எல்லாரும் பேசிக்கொண்டார்கள்' என்பது சான்றாகாது.

திரைக்கதையாகிய வாழ்க்கை

பாகவதரைப் பற்றிய கர்ணபரம்பரைச் செய்திகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பொன்தட்டில் உண்டார், பெண்கள் மயங்கி வீட்டைத் துறந்தனர், செருக்குற்றார், சிறைப்பட்டார், திரும்பியபின் வந்த வாய்ப்புகளை உதறினார், பார்வை குன்றிக் கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார், வறுமையில் மறைந்தார். இவற்றுள் சில உண்மையாகலாம், சில மிகையாகலாம். இங்கே எழும் வினா அவை ஏன் எப்போதும் இந்த வரிசையில் சொல்லப்படுகின்றன என்பதே.

பாகவதரின் படங்களே அதற்கு விடை தருகின்றன. 'திருநீலகண்டர்' (1939) பரத்தையிடம் சென்ற பிழைக்காக மனைவியின் ஆணையால் இளமை முழுவதையும் இழந்த அடியவரின் கதை. 'அசோக்குமார்' (1941) சிற்றன்னையின் பொய்ப்பழியால் கண்ணிழந்து பாடித் திரியும் இளவரசன் குணாளனின் கதை. 'ஹரிதாஸ்' (1944) தாசியின் மயக்கில் பெற்றோரை விரட்டிய செல்வன் கால்களை இழந்து, திருந்தி, பெற்றோர் தொண்டில் இறைவனைக் காணும் கதை. பிழை அல்லது பழி, தண்டனை, உடற்குறை, பாட்டு, மீட்சி என்னும் ஒரே சட்டகம் இம்மூன்றிலும் இயங்குகிறது. 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. கொலை அதற்குச் சில வாரங்களுக்குப் பின் நிகழ்ந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டபோது அதன் நாயகன் சிறையில் இருந்தார். செருக்குற்ற செல்வன் தண்டனை பெறுவதைத் திரையில் பார்த்துவிட்டு வெளியே வந்த பார்வையாளர், அதே முகத்தைக் குற்றவாளியாகச் செய்தித்தாளில் கண்டனர். இரண்டு கதைகளும் அவர்களுள் ஒன்றாகக் கலந்தமை வியப்புக்குரியதன்று. ஆய்வாளரும் அக்கலப்பிலிருந்து விடுபடாமையே வியப்பு.

இது தமிழுக்குப் புதியதும் அன்று. புலவர்களின் தனிப்பாடல்களிலிருந்து அவர்தம் வாழ்க்கையைப் புனைந்துகொண்ட மரபு நம்முடையது. தமிழ் நாவலர் சரிதையும் விநோதரசமஞ்சரியும் அம்மரபின் கருவூலங்கள். கம்பரின் மகன் அம்பிகாபதி சோழன் மகளைக் காதலித்து, நூறு பாடலில் ஒன்று குறைந்ததால் உயிரிழந்தான் என்பது அத்தகைய கதைகளுள் ஒன்று. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யில் (1937) அந்நாயகனாக நடித்தவர் பாகவதர். 'சிவகவி'யில் (1943) பொய்யாமொழிப் புலவராக நடித்தவரும் அவரே. கர்ணபரம்பரைக் கதைகளின் நாயகனாகப் பத்தாண்டுகள் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை, ரசிகர்கள் தமக்குத் தெரிந்த அந்த ஒரே வடிவில் எழுதிக்கொண்டனர். விந்தன் தம் நூலுக்கு 'எம்.கே.டி. பாகவதர் கதை' என்று பெயரிட்டது, அறிந்தோ அறியாமலோ, பொருத்தமாகவே அமைந்துவிட்டது. புலவர் வரலாறுகளைக் கல்வெட்டோடும் பாடத்தோடும் ஒப்பிட்டுச் சலித்தெடுத்தது சென்ற நூற்றாண்டின் தமிழாய்வு. திரைக்கலைஞர் வரலாறுகளில் அச்சலிப்பு இன்னும் முறையாகத் தொடங்கவில்லை.

சிறையா, காலமா?

வழக்குதான் பாகவதரை வீழ்த்தியது என்னும் கூற்றைச் சோதிக்க வரலாறே ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. அதே வழக்கில், அதே தண்டனையை, அதே காலம் அனுபவித்தவர் என்.எஸ். கிருஷ்ணன். விடுதலைக்குப்பின் அவர் அண்ணாதுரையின் எழுத்தில் 'நல்லதம்பி' (1949) படத்தில் நடித்தார். 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகியவற்றை இயக்கினார். 'பணம்' படத்துக்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி, நாயகன் சிவாஜி கணேசன். சிறை மட்டுமே காரணமாயின் கிருஷ்ணனும் வீழ்ந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், எந்த வழக்கிலும் சிக்காத பாடக நடிகர் ஒருவரை நோக்கலாம். டி.ஆர். மகாலிங்கம் 'ஸ்ரீவள்ளி'யால் (1945) புகழின் உச்சிக்குச் சென்றார். ஐம்பதுகளின் நடுவில் அவரும் நலிவுற்றுப் பின்னரே 'மாலையிட்ட மங்கை'யால் (1958) மீண்டார். அதே 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி குமாரி ருக்மிணிக்குப் பெரியநாயகியின் குரல் பின்னணியாகப் பொருத்தப்பட்டது. பாடத் தெரிந்தவரே நாயகராகவும் நாயகியாகவும் முடியும் என்ற விதி தளரத் தொடங்கிய காலம் அது. பாகவதர் அப்போது சிறையில் இருந்தார்.

பாடல்களின் எண்ணிக்கையும் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. 'பவளக்கொடி' (1934) ஏறத்தாழ ஐம்பது பாடல்களைக் கொண்டது. போர்க்காலத்தில் கச்சாப் படச்சுருள் தட்டுப்பாட்டால் அரசு படத்தின் நீளத்தை 11,000 அடியாகக் கட்டுப்படுத்தியது. நீளம் குறைந்தபோது முதலில் வெட்டுண்டவை பாடல்களே. அவ்விடத்தை உரையாடல் பிடித்துக்கொண்டது. 'வேலைக்காரி' (1949), 'மந்திரிகுமாரி' (1950), 'பராசக்தி' (1952) என்ற வரிசையில் செவி இசையிலிருந்து வசனத்துக்குப் பழகியது. 'அசோக்குமார்' படத்தில் சிறு வேடம் ஏற்ற எம்.ஜி. இராமச்சந்திரன், பாகவதர் விடுதலையான 1947ஆம் ஆண்டிலேயே 'ராஜகுமாரி'யின் நாயகனானார். அவர் பாடகர் அல்லர்.

இம்மாற்றத்தின் நடுவே பாகவதர் தம் சொந்தத் தயாரிப்பாகக் கொணர்ந்த படம் 'ராஜமுக்தி' (1948). அரசகதை, பக்தி, பாட்டு என்ற பழைய கலவையே அதுவும். இதற்குக் கதை வசனம் எழுதப் புதுமைப்பித்தன் புனே சென்றார். காசநோய் முற்றித் திரும்பி, படம் வெளிவருமுன், 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். இலக்கிய மாணவர்கள் 'ராஜமுக்தி'யை நினைவுகூர்வது பெரிதும் இதன்பொருட்டே. புராணங்களைக் கேலிசெய்து கதை எழுதிய அக்கையைப் புதிய வகைக் கதை ஒன்றுக்குப் பயன்படுத்த எவருக்கும் தோன்றாமற்போனது, அப்படத்தின் தோல்வியைக் காட்டிலும் வருந்தத்தக்கது. 'பராசக்தி'யும் 'பணம்' படமும் வந்த 1952இல் பாகவதருக்கு 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. பெயர்களே காலத்தைச் சொல்லிவிடுகின்றன.

இதனால் சிறைவாசத்தின் கொடுமை சிறிதும் குறையாது. முப்பத்து நான்கு முதல் முப்பத்தேழு வயதுவரை ஒரு பாடகரின் குரல் முதிர்ந்து நிற்கும் காலம், அது பறிபோனது. திரைமொழி மாறிய அந்த ஆண்டுகளில் அவர் வெளியே இருந்திருந்தால் மாறியிருப்பாரா என்பது விடைகாண முடியாத வினா. கிருஷ்ணனின் கலை அன்றாடச் செய்தியை உண்டு வளர்வது. சிறையிலிருந்து வந்தவருக்கும் அது புதுச் சரக்கைத் தந்தது. பாகவதரின் கலை நிலைத்த பாடாந்தரத்தை நம்பியது. ஆகவே அதே தண்டனை இருவரையும் வேறுவேறு விதமாகத் தாக்கியது. முப்பதுகளில் தொடங்கிச் சிறைசெல்லும்வரை ஒன்பது படங்கள், அதன்பின் ஐந்து, ஆகப் பதினான்கே அவர் நடித்தவை. அவற்றுள் 'சிவகாமி' (1960) அவர் மறைந்தபின் வெளிவந்தது. எப்போதுமே குறைவாக நடித்த ஒருவரின் பிற்காலப் படங்கள் குறைந்தமைக்கு வழக்கை மட்டும் காரணமாக்குவது எளிது, போதியதன்று.

இன்னொன்றும் சுட்டற்குரியது. கிருஷ்ணன் 1957இலும் பாகவதர் 1959 நவம்பர் 1 அன்றும், இருவரும் ஐம்பது வயதை எட்டாமல் மறைந்தனர். இருவரும் ஈட்டிய பெரும்பொருள் கையில் இல்லாமலே மறைந்ததாகச் சொல்லப்படுகிறது. கிருஷ்ணனின் வறுமையை நினைவு 'வாரி வழங்கினார்' என்று வள்ளல் மரபில் சேர்க்கிறது. பாகவதரின் வறுமையை 'வீழ்ந்தார்' என்று செருக்கின் பயனாக்குகிறது. கணக்கேட்டில் ஒன்றாக இருப்பது கதையில் இரண்டாகிறது. கிருஷ்ணனுக்கு அரசியல் இயக்கமொன்றின் மேடை நினைவைக் காத்துத் தந்தது. பாகவதருக்கு அத்தகைய புரவலர் இல்லை.

பெயரில்லாதோர்

இவ்வழக்கைப் பற்றிய எழுத்துகள் அனைத்தும் இரு ஆடவர்களின் துயரமாகவே அதைக் கூறுகின்றன. இலட்சுமிகாந்தனின் எழுதுகோல் நடிகையரையும் விடவில்லை என்று ஒரு தொடரில் சொல்லிவிட்டு அப்பால் செல்கின்றன. ஆடவர்மீதான பழி நீதிமன்றம்வரை சென்றது. அங்கே விசாரணை, வழக்கறிஞர், மேல்முறையீடு, விடுதலை எல்லாம் இருந்தன. நடிகையர்மீதான பழிக்கு நீதிமன்றம் இல்லை. ஆகவே விடுதலையும் இல்லை. அகமரபில் அலருக்கு அஞ்சுபவள் தலைவியே. தலைவனின் பெயர் அதனால் கெடுவதில்லை. அச்சு இதழும் அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே பெற்றுக்கொண்டது.

'ஹரிதாஸ்' படத்தின் தாசி ரம்பாவாக நடித்த டி.ஆர். ராஜகுமாரியை (1922-1999) இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். 'சந்திரலேகா'வின் (1948) நாயகி அவர், சென்னை தியாகராய நகரில் தம் பெயரில் திரையரங்கு கட்டிய நடிகை, ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தின் வழியே படத் தயாரிப்பிலும் இருந்தவர். தமிழ்த் திரைத்தொழில் வரலாற்றில் இவை தனி இயலுக்குரிய செய்திகள். ஆயினும் அவரைப் பற்றிய கட்டுரைகள் ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்ற வினாவையே சுற்றிச்சுற்றி வருகின்றன. 'சினிமா தூது' நின்று எண்பது ஆண்டுகளாகியும் அதன் வினாநிரலை நாம் மாற்றவில்லை. பாகவதரைச் சிறைக்கு வெளியே வைத்துக் கேட்கத் தொடங்கும் ஆய்வு, ராஜகுமாரியின் திரையரங்கு வரவுசெலவையும் தயாரிப்பு ஒப்பந்தங்களையும் தேடிச் செல்ல வேண்டியிருக்கும்.