ஹரிதாஸ்: டீச்சர் அம்மாவா மாறித்தான் ஆகணுமா?

2013-ல் ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய 'ஹரிதாஸ்' படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது அழுதேன். இந்தத் தடவை கையில் நோட்டோடு உட்கார்ந்தேன். காரணம் சேலையூரில் இருக்கும் என் அக்கா பையன். ஆட்டிசம் உள்ளவன், சாதாரணப் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள பையனைக் கேலிப்பொருளாக்காமல், சாதாரண வகுப்பறையில் உட்கார வைத்துக் காட்டிய படம் இது. தமிழில் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தப் பள்ளியில் மாறுவது யார்? சினேகா நடித்த அமுதவல்லி டீச்சர் மட்டும்தான். அவரும் பாசம் பெருகி, கிட்டத்தட்ட அம்மாவின் இடத்துக்கே வந்துவிடுகிறார். பள்ளி அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு சிக்கல், ஓட்டம். பையனிடம் ஒரு திறமை இருப்பது தெரிந்த பிறகுதான் கதை அவனைக் கொண்டாடுகிறது. என் அக்கா பையனுக்கு ஓட்டமும் வராது, பாட்டும் வராது. கணக்கு சுமார். அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மூணாம் வகுப்பில் அவனுக்குப் பெரிய எதிரி பள்ளி மணி. அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். 'அடங்க மாட்டேங்கிறான்' என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். கடைசியில் வகுப்பாசிரியை இரண்டே காரியம் செய்தார். மணி இருக்கும் பக்கத்திலிருந்து இடத்தை மாற்றினார். மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால் ஒரு சிவப்பு அட்டையைக் காட்டினார். பெஞ்சுக்கு அடியில் போவது மெல்ல நின்றது.

அவர் அம்மாவாக மாறவில்லை, நல்ல டீச்சராக இருந்தார், அவ்வளவுதான். ஆனா ஜூன் மாசம் வகுப்பு மாறிச்சு, டீச்சர் மாறினாங்க, அட்டையும் போச்சு. மறுபடி டைரி, மறுபடி பெஞ்சுக்கு அடியில்.

படம் தவறவிட்டது இதைத்தான். ஒருவருடைய அன்பு அடுத்த வகுப்புக்குக் கூடவே போகாது. எழுதி வைத்த ஒரு தாள் போகும்.

படம் வந்தபோது நடைமுறையில் இருந்த 1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் தனியாக இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. சலுகையாக இல்லை, கடமையாக. நம்ம பக்கத்து முட்டுக்காட்டிலேயே சிறப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. ஆனால் பையனோடு தினமும் இருப்பது சாதாரண வகுப்பாசிரியை. அவர் கையில் என்ன கொடுத்தோம்?

இந்த வருஷம் அக்காவும் நானும் ஒரு பக்கம் எழுதினோம்: எந்தச் சத்தம் ஆகாது, முன்கூட்டி எப்படிச் சொல்லணும், கண்ணைப் பார்க்காவிட்டாலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். புது டீச்சர் படித்துவிட்டு, "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்க வேண்டியது பள்ளி.